மறைபொருளும் விலைப்பொருளும்: காலனிய இந்தியாவில் சர்வரோக நிவாரணி விளம்பரங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இந்திய மொழிகளில் வெளிவந்த இதழ்களைப் புரட்டுவோர் கண்ணில் தவறாது படுவன மருந்து விளம்பரங்கள். ஒரே மாத்திரை காய்ச்சலையும் சூலையையும் மலச்சிக்கலையும் மனச்சோர்வையும் ஒருசேரப் போக்கும் என்று அவை உரைத்தன. 'சர்வரோக நிவாரணி', 'கைகண்ட ஔஷதம்', 'சஞ்சீவி' என்னும் சொற்கள் அவற்றின் நிலைத்த முத்திரைகளாயின. இவற்றை வெறும் ஏமாற்று எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், அவை மறைத்தது எது, அம்மறைப்பு எவ்வாறு விலைபெற்றது, சட்டம் ஏன் நெடுங்காலம் அதனைத் தொடவில்லை என்னும் வினாக்கள் சமூக வரலாற்றுக்கு இன்றியமையாதவை. மருந்தின் உட்பொருளை மறைக்கும் உரிமையே இவ்வணிகத்தின் முதன்மையான மூலதனம் என்பதும், அவ்வுரிமை காலனியத்தின் இறுதிக்கட்டத்தில் ஒரு மருத்துவ முறைக்கு மறுக்கப்பட்டு மற்றொன்றுக்கு விடப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

'பேடண்ட்' என்னும் பெயர்

இம்மருந்துகளை மக்கள் 'பேடண்ட் மருந்து' என வழங்கினர். உண்மையில் இவற்றுள் பெரும்பாலானவை காப்புரிமை பெறாதவை. காப்புரிமை பெறவேண்டுமாயின் செய்முறையை வெளியிடல் வேண்டும். குறித்த காலம் கழிந்தபின் அது எவருக்கும் உரியதாகிவிடும். எனவே வணிகர் செய்முறையைக் கமுக்கமாக வைத்துக்கொண்டு வணிகப் பெயரை மட்டும் காத்துக்கொண்டனர். இங்கிலாந்தில் 1783 முதல் இத்தகு மருந்துகளுக்கு முத்திரை வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தியதற்கு அடையாளமாகப் புட்டியில் ஒட்டப்பட்ட அரசு முத்திரையை, மருந்துக்கு அரசு அளித்த சான்றாக வாங்குவோர் கருதினர். அம்மயக்கத்தை விற்போர் களைய முற்படவில்லை.

மாத்திரையும் களிம்பும் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய தாமஸ் ஹாலோவே (1800-1883) விளம்பரத்தையே தம் தொழிலின் உயிராகக் கொண்டவர். லண்டனுக்கு அருகில் அவர் பெயரால் 1886இல் திறக்கப்பட்ட மகளிர் கல்லூரி அச்செல்வத்தில் எழுந்தது. பெட்டி ஒன்று ஒரு கினி பெறும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட பீச்சம் மாத்திரைகளைப் பிரித்தானிய மருத்துவச் சங்கம் பகுத்தாய்ந்து 1909இல் முடிவை வெளியிட்டது. கரியபோளம், இஞ்சி, சோப்பு ஆகியவையே அவற்றில் இருந்தன. ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு விற்ற 56 மாத்திரைகளின் மூலப்பொருள் அடக்கம் ஏறத்தாழ அரை ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்பனை விலை அதனின் நூறு மடங்கிற்கும் மேற்பட்டது. வாங்குவோர் விலை கொடுத்தது பொருளுக்கன்று, பெயருக்கே என்பதை இக்கணக்கு காட்டும்.

இந்தியாவிற் பிறந்த ஆங்கில மருந்து

இவ்வணிகம் இங்கிலாந்திலிருந்து ஒருவழியாக மட்டும் வந்ததன்று. இந்தியப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜான் காலிஸ் பிரவுன் 1848இல் வாந்திபேதிக்கெனக் கலந்த மருந்தே 'குளோரோடைன்'. 1856 முதல் லண்டனில் டேவன்போர்ட் நிறுவனம் அதனை விற்றது. அபின் கரைசல், கஞ்சா, குளோரோபார்ம் ஆகியன அதன் முதன்மைக் கூறுகள். வயிற்றுப்போக்கை அது நிறுத்தியது, வலியைத் தணித்தது, பழக்க அடிமைத்தனத்தையும் உண்டாக்கியது. மருந்தைக் கண்டவர் யார் என்பது பற்றி 1864இல் நடந்த வழக்கில் நீதிபதி காலிஸ் பிரவுனே என உரைத்தார். அவ்வுரை பின்னர் விளம்பரங்களில் இடம்பெற்றது. கண்டவர் யார் என்பதைப் பற்றிய தீர்ப்பு, மருந்தின் தகுதிக்குரிய சான்றுபோல் பயன்பட்டது. குப்பியினுள் அபின் உள்ளது என்ற செய்தியோ வாங்குவோர்க்கு வெளிப்படச் சொல்லப்படவில்லை.

அஞ்சலும் இருவகை மறைவும்

நாட்டு மருந்து வணிகம் துறைமுக நகரங்களைக் கடந்து பரவ அஞ்சல்துறையே வழிவகுத்தது. பொருளைப் பெறும்போது விலை செலுத்தும் வி.பி.பி. முறை 1877இலும், அஞ்சல் பணவிடை 1880இலும் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. கடையோ முகவரோ இல்லாத சிற்றூரிலும் இதழ் சென்ற இடமெல்லாம் மருந்தும் செல்ல இயன்றது. கத்தியவாரின் ஜாம்நகரில் மணிசங்கர் கோவிந்தஜி செய்த ஆதங்க நிக்ரஹ மாத்திரைகள் நெடுந்தொலைவிலிருந்த சென்னை மாகாணத்து வாசகர்க்கும் விளம்பரப்படுத்தப்பட்டமை இதற்குச் சான்று.

இவ்விளம்பரங்கள் ஏறக்குறைய ஒரே அமைப்புடையன. நோய்களின் நீண்ட பட்டியல் முதலில் வரும். மருந்தின் தெய்வீகத் தோற்றமோ முனிவர் அருளியது என்னும் செய்தியோ அடுத்து அமையும். பின்னர் நற்சான்றுகள், போலிகளைப் பற்றிய எச்சரிக்கை, இலவச நூல் அல்லது பஞ்சாங்கம், விலை, முகவரி என்பன தொடரும். தாது நஷ்டம், நரம்புத் தளர்ச்சி, மேகநோய், மாதவிலக்குக் கோளாறு ஆகியவை பட்டியலில் முன்னிடம் பெற்றன. இவை குடும்ப வைத்தியரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூசிய நோய்கள். முகமறியா வணிகருக்கு எழுதும் கடிதம் அக்கூச்சத்தைத் தவிர்த்தது. இங்கு நோயாளியின் மறைவும் விற்போரின் மறைவும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. தன் நோயைப் பிறர் அறியாதிருக்க விரும்பியவர், தான் உண்பது யாதெனக் கேட்கும் வாய்ப்பையும் இழந்தார். மருந்து பயன்படாதபோது முறையிடவும் நாணம் தடுத்தது. உடலில் நோயில்லாதாரையும் நோயுற்றாராக எண்ணச்செய்யும் ஆற்றல் இவ்விளம்பரமொழிக்கு இருந்தது.

மரபின் மறைப்பும் சந்தையின் மறைப்பும்

மருந்தை மறைத்தல் நம் மரபிலேயே உள்ளதன்றோ என வினவலாம். சித்த மருத்துவ நூல்கள் பரிபாஷைச் சொற்களால் பொருளை மறைத்துக் கூறுதலும், தகுதியற்றார்க்கு உரைப்போரைச் சபித்தலும் அறிஞர் அறிந்தவையே. எனினும் இரண்டிற்கும் வேறுபாடு பெரிது. குருமுகமாகப் பெற்ற மறைபொருளைக் கையாண்ட வைத்தியர் நோயாளியின் நாடியைப் பார்த்து, ஆளுக்கேற்ப மருந்தை மாற்றி, விளைவுக்கு ஊராரிடம் விடைசொல்லக் கடமைப்பட்டவர். அஞ்சல்வழி மருந்திலோ மறைப்பு எஞ்சியது, பொறுப்பு எஞ்சவில்லை. மேலும் ஆயுர்வேதத்தின் பெருநூல்கள் தசமூலாரிஷ்டம், சியவனப்பிராசம் போன்றவற்றின் சரக்குகளை வெளிப்படையாகவே வகுத்துரைத்தன. எவரும் செய்யத்தக்க அவற்றால் தனியுரிமை கிட்டாது. ஆதலின் புதிய பெயர்கள் தேவைப்பட்டன.

பெயரிடலில் 'அமிர்தம்', 'ஜீவன்', 'சஞ்சீவி' ஆகியவை மீண்டும் மீண்டும் வந்தன. பாற்கடல் கடைந்த கதையும் அனுமன் மலை கொணர்ந்த கதையும் அறியாத வாசகர் இலராதலின் இப்பெயர்களுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. லாகூரில் பண்டித தாக்கூர் தத் சர்மா விற்ற அமிர்ததாரா இவ்வகையினது. அப்பெயரால் இன்றும் வழங்கும் கலவை கற்பூரம், ஓம உப்பு, பெப்பர்மிண்ட் உப்பு ஆகியவற்றால் ஆனது. இது பயனற்றதன்று; வயிற்று உபாதைக்கும் தலைவலிக்கும் ஓரளவு ஆறுதல் தரும். சிக்கல் பொருளில் இல்லை, எல்லையற்ற உரிமைகோரலில் இருந்தது.

மாற்றுவழியும் அக்காலத்திலேயே இருந்தது. பிரபுல்ல சந்திர ராய் கல்கத்தாவில் 1892இல் தொடங்கி 1901இல் வரையறுக்கப்பட்ட நிறுவனமான பெங்கால் கெமிக்கல், ஆடாதோடைப் பாகு, ஓம நீர் என மூலிகையின் பெயரையே மருந்தின் பெயராக்கி விற்றது. வேதியியல் அறிஞரான அவர்க்கு வெளிப்படையே வணிக நாணயமாயிற்று. சுதேசித் தொழிலுக்கு மறைப்பு இன்றியமையாததன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

மருந்துப் பணமும் பண்பாட்டுப் பணியும்

இவ்வணிகத்தின் வருவாய் எங்குச் சென்றது என்பதும் நோக்கத்தக்கது. காசீனாதுனி நாகேசுவரராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் தைலத்தின் வருவாயே அவர் 1908இல் அங்கு வார இதழாகத் தொடங்கி 1914 முதல் சென்னையில் நாளிதழாக நடத்திய ஆந்திர பத்திரிகைக்கு உரமாயிற்று. 'லோத்ரா' என்னும் மகளிர் மருந்தை விற்ற கேசரி குடீரத்தின் கே.என். கேசரி 1928இல் கிருகலட்சுமி என்னும் தெலுங்கு மகளிர் இதழைத் தொடங்கினார். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) சஞ்சீவி மருந்துகளால் ஈட்டிய பொருளைக் கொண்டே இசை மாநாடுகளைக் கூட்டி, 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். தமிழிசை ஆய்வின் அடிப்படை நூலொன்று மருந்து வருவாயில் அச்சேறியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆகவே, தேசியப் பண்பாட்டின் ஒரு பகுதி இவ்விளம்பரப் பொருளாதாரத்தின்மேல் நின்றது எனலாம். விளம்பரப் பணத்தால் வாழ்ந்த இதழ்கள் விளம்பரத்தை விசாரிக்கத் தயங்கியதில் வியப்பில்லை. காந்தியடிகள் யங் இந்தியா, நவஜீவன் ஆகியவற்றை விளம்பரமின்றியே நடத்தினார். 1925இல் கல்கத்தாவில் அஷ்டாங்க ஆயுர்வேதக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலேயே ஆயுர்வேத வைத்தியரின் போக்கைக் குறைகூறிப் பேசினார். எதிர்ப்பு எழுந்தபோது, காமத்தைத் தூண்டும் மருந்து விளம்பரங்களைச் சுட்டி யங் இந்தியாவில் விளக்கமும் எழுதினார்.

சட்டத்தின் இரு கண்கள்

அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டுச் சட்டம் அபின், மது முதலியவற்றின் அளவை லேபிளில் குறிக்கச் செய்தது. இங்கிலாந்தில் பேடண்ட் மருந்துகளை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை 1914 ஆகஸ்டில், போர் மூண்ட வேளையில் வெளியாகிக் கவனிப்பாரற்றுப் போயிற்று. இந்தியாவில் கொய்னாக் கலப்படம் உள்ளிட்ட முறைகேடுகள் பற்றிய கிளர்ச்சிக்குப் பின்னரே 1930இல் ஆர்.என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 1931இல் வெளிவந்தது. சட்டமோ 1940இல்தான் இயற்றப்பட்டது. பேடண்ட் மருந்தின் உட்பொருளை லேபிளில் காட்டுதல் அல்லது பதிவுச்சான்று பெறுதல் என்பதை அச்சட்டம் கட்டாயமாக்கியது. ஆயின் ஆயுர்வேத, யுனானி முறைகளுக்கே உரிய மருந்துகளை 'மருந்து' என்னும் வரையறையிலிருந்தே அது விலக்கிவிட்டது.

இவ்விலக்குக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. 1912இல் பம்பாயிலும் 1914இல் சென்னையிலும் வந்த மருத்துவப் பதிவுச் சட்டங்கள் நாட்டு வைத்தியரைப் புறத்தே நிறுத்தின. அவர்தம் மருந்துகளுக்கு ஏற்கப்பட்ட தர அளவைகளும் உருவாகவில்லை. அத்தகைய அரசின் கண்காணிப்பை வைத்தியர் ஐயுற்றது இயல்பே. எனினும் விலக்கால் காக்கப்பட்டவர் நாடி பார்த்த ஊர் வைத்தியர் மட்டுமல்லர். அஞ்சலில் புட்டி விற்றவரும் அதே நிழலில் ஒதுங்கினார்.

விடுதலைக்குப் பின் 1954இல் வந்த மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் எல்லா முறைகளுக்கும் பொதுவாக விளம்பரத்தைக் கட்டுப்படுத்தியது. டெல்லியின் ஹம்தர்த் தவாகானா தொடுத்த வழக்கில் 1959 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், இத்தகு விளம்பரம் கருத்துரிமையின் காப்பைப் பெறாது என்றது. எனினும் நோய்ப்பட்டியலை விரிக்க அரசுக்கு அளித்த வரம்பற்ற அதிகாரத்தை நீக்கியது. 1963ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டியலைச் சட்டத்திலேயே சேர்த்தது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மருந்துச் சட்டத்தினுள் கொண்டுவரப்பட்டன. 1940க்கும் 1964க்கும் இடைப்பட்ட 24 ஆண்டுகள், ஒரு புட்டிக்குள் இருப்பது யாதெனக் கேட்கும் உரிமை அது எம்முறை மருந்து என்பதைப் பொறுத்ததாகவே இருந்தது.

முடிவுரை

காலனிய ஆட்சிக்கும் நாட்டு மருத்துவத்திற்கும் இடையிலான போராட்டமாகவே இவ்வரலாறு பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அப்போராட்டத்தில் இருதரப்பாரின் குரலும் பதிவாகியுள்ளன, வி.பி.பி. பொட்டலத்தைக் கூச்சத்தோடு பெற்றுக்கொண்டவரின் குரல் பதிவாகவில்லை. அவர் உள்ளதாகக் கொள்ளப்படும் ஒரே இடம் நற்சான்றுக் கடிதம். அதுவும் விற்போரால் தெரிந்தெடுக்கப்பட்டது. சர்வரோக நிவாரணி விளம்பரங்களை ஆராய்வோர் இம்மௌனத்தைக் கணக்கில் கொள்ளல் வேண்டும். மருந்து அன்னியமா சுதேசியமா என்னும் வினா, அதன் உட்பொருள் யாது என்னும் வினாவை நெடுங்காலம் மறைத்து நின்றது என்பதே இவ்விளம்பரங்கள் உணர்த்தும் வரலாற்றுண்மையாகும்.