வராத பில்லை வாசிப்பது எப்படி?

இன்வேர்ட்டர் ஏசி வாங்கினா கரண்ட் பில் பாதியாக் குறையும் எண்டு கடைக்காரர் சொல்லுவார். எதிலிருந்து பாதி? பழைய ஏசியே ஓடிக்கொண்டிருந்தா வந்திருக்கக்கூடிய பில்லிலிருந்து. ஆனால் அப்படியொரு பில் வரவே போவதில்லை. பழைய மெஷினைக் கழற்றிய நிமிசத்தோடு அந்தக் கணக்கும் போய்விடுகிறது. சேமிப்பு என்பது ஒரு கழித்தல் கணக்கு. அதில் ஒரு எண்ணை ஒருவரும் ஒருநாளும் பார்க்க முடியாது. அந்தக் காணாத எண்ணைப் பிடிக்க ஐம்பது வருசமாக நடந்த முயற்சிகளின் கதை இது.

1972இல், எண்ணெய் நெருக்கடிக்கு ஒரு வருசம் முன்னரே, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் நியூ ஜேர்சியில் ட்வின் றிவர்ஸ் என்ற குடியிருப்பில் இறங்கினார்கள். றொபேட் சொக்கொலோ அந்தக் குழுவில் முக்கியமானவர். ஒரே வரைபடத்தில், ஒரே கட்டட நிறுவனம் கட்டிய, தோளோடு தோள் ஒட்டிய வீடுகள். பௌதிகக் கணக்குப்படி பார்த்தால் எல்லா வீடும் கிட்டத்தட்ட ஒரேயளவு எரிவாயுதான் எரிக்க வேணும். ஆனால் ஒரு வீட்டைவிட இன்னொரு வீடு இரண்டு மடங்குக்கும் மேலே எரித்தது. குடியிருந்தவர்கள் மாறிப்போனால் அதே சுவர், அதே அடுப்பு, ஆனால் பாவனை வேறு. வீட்டை அளக்கப் போனவர்கள் மனிசரை அளக்க வேண்டியதாயிற்று.

மற்றது, வீடும் கணக்குக்கு அடங்கவில்லை. மேல்மாடிக் கூரைக்கு அடியில் நல்ல காப்புப் போட்டிருந்தும் அந்த இடம் எதிர்பார்த்ததைவிடச் சூடாயிருந்தது. தேடிப் பார்த்தால், புகைக்குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியாலும் பொதுச்சுவரின் உள்ளீடற்ற கற்களுக்குள்ளாலும் சூட்டுக் காற்று காப்பைச் சுற்றிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. எந்தச் சூத்திரத்திலும் இல்லாத ஓட்டை. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான்: கணக்குப் பிழைக்குது எண்டதும் அவர்கள் குடியிருந்தவர்களைத் திட்டவில்லை, கூரைக்குள் ஏறிப் பார்த்தார்கள்.

அதே பிரின்ஸ்டனில் மார்கிரட் ஃபெல்ஸ் முன்வைத்த 'பிறிசம்' என்ற முறை 1986இல் பரவலாக அறியப்பட்டது. மாதப் பில்லையும் அந்த மாதத்தின் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்து, குளிர் கூடின வருசம், குறைந்த வருசம் என்ற வித்தியாசத்தை நீக்கி, ஒரு சராசரி வருசத்தில் அந்த வீடு எவ்வளவு எரிக்கும் எண்டு கணிப்பது. ஹீற்றர் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இந்த எண்ணை எடுத்தால் சேமிப்புத் தெரியும். ஆய்வுகூடம் வேண்டாம், பழைய பில்கள் போதும்.

ஆனால் அரசாங்கங்கள் பெரும்பாலும் பில்லைப் பார்க்கவில்லை, உபகரணத்தின் லேபலைத்தான் பார்த்தன. மெக்சிக்கோ 2009இல் ஒரு திட்டம் தொடங்கியது. பத்து வருசத்துக்கு மேற்பட்ட பிரிட்ஜையோ ஏசியையோ கொடுத்தால், புதியதை வாங்க மானியம், பழையதை நொறுக்கிவிடுவார்கள். 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட உபகரணங்கள் மாறின. டேவிஸ், ஃபுக்ஸ், ஜேர்ட்லர் என்ற மூன்று பொருளியலாளர் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் மின்பில்களை வைத்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பிரிட்ஜ் மாற்றிய வீடுகளில் மின்பாவனை 8% குறைந்திருந்தது, அதாவது முன்னர் கணித்ததில் கால்வாசி. ஏசி மாற்றிய வீடுகளில் பாவனை கூடியிருந்தது!

ஏன்? புது பிரிட்ஜ்கள் பெரிசு. கொடுக்கப்பட்ட பழையவை நினைத்த அளவுக்குப் பழசில்லை. சிலது ஒழுங்காக வேலை செய்திருக்கவும் மாட்டாது. ஓடாத பிரிட்ஜை மாற்றினால் எதைச் சேமிப்பது? ஏசி விசயம் வேறு. ஓட்டுற செலவு குறைந்ததும் சனம் கூட நேரம் ஓட்டியது. இதைத் தோல்வி எண்டு எழுதிவிட்டுப் போவது லேசு. ஆனால் வடமெக்சிக்கோவின் கோடையில் 40 பாகையைத் தாண்டும் நாட்களில் ஒரு குடும்பம் இப்போதுதான் இரவு நித்திரை கொள்கிறது என்றால், அது அலகுக் கணக்கில் நட்டம், வாழ்க்கைக் கணக்கில் நட்டமா? மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போடப்பட்ட திட்டம் என்பதால் இந்தக் கேள்விக்கு அங்கே இடமிருக்கவில்லை.

இப்படி எங்கே நடந்தாலும் உடனே ஜெவன்ஸை இழுப்பது வழக்கம். நீராவி இயந்திரம் சிக்கனமானபோது பிரித்தானியாவில் நிலக்கரிப் பாவனை குறையவில்லை, கூடியது எண்டு 1865இல் எழுதியவர். உண்மைதான். ஆனால் அவர் பெயரைச் சொல்லியே எல்லாப் பழியையும் பாவிக்கிற சனத்தின் தலையில் போடும் பழக்கமும் வந்துவிட்டது. அதற்கு மிச்சிகன் நல்ல மறுப்பு.

வறிய குடும்பங்களின் வீடுகளுக்கு இலவசமாகக் காப்புப் போட்டு, ஹீற்றர் மாற்றிக் கொடுக்கும் திட்டம் அமெரிக்காவில் 1976இலிருந்து இருக்கிறது. ஃபௌலி, கிறீன்ஸ்ரோன், வுல்ஃப்ராம் ஆகியோர் மிச்சிகனில் சுமார் 30,000 குடும்பங்களை எடுத்து, குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரை மட்டும் திட்டத்தில் சேரும்படி ஊக்குவித்தார்கள். 2018இல் வந்த முடிவு: கணினி மாதிரி சொன்ன சேமிப்பு, உண்மையில் கிடைத்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல். சரி, ஆக்கள் ஹீற்றரைக் கூட்டி வைத்துவிட்டார்களா? வீட்டுக்குள் வெப்பநிலையை அளந்து பார்த்தார்கள். கூட்டியதற்கு ஆதாரமில்லை. பிழை சனத்தில் இல்லை, மாதிரியில்.

அந்த மாதிரிகளை வைத்துத்தான் எந்த வீட்டுக்கு எதைச் செய்வது, காசு எங்கே போவது எண்டெல்லாம் முடிவெடுத்தார்கள். இன்னொரு விசயமும் அவற்றில் இல்லை. ஒரு வீட்டுக்குச் சுமார் 5,000 டொலர் பெறுமதியான வேலை, சல்லிக்காசு வாங்காமல். ஆய்வாளர்கள் கதவு தட்டினார்கள், தொலைபேசியில் திரும்பத் திரும்ப அழைத்தார்கள், படிவம் நிரப்பவும் உதவினார்கள். அப்படியும் ஊக்குவிக்கப்பட்டவர்களில் கடைசிவரை வந்து வேலையை முடித்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. வருமானச் சான்று, படிவம், வீடு பார்க்க வருபவருக்காக வேலைக்கு லீவு போட்டுக் காத்திருப்பது இதெல்லாம் அந்த வீடுகளுக்குச் செலவுதான்; திட்டத்தின் செலவுப் பட்டியலில் அதற்கு ஒரு நிரல் இருக்கவில்லை.