பதினைந்து ரூபாய் ரேடியோ லைசென்ஸ்

புனேயில் எங்கள் வீட்டுச் சமையலறையில் காலையில் திருச்சி வானொலி பாடும். அம்மா ஊரை விட்டு எங்களோடு வந்து தங்கியதிலிருந்து இதுதான் வழக்கம். மொபைலில் ஆகாசவாணியின் ஆப்பைத் திறந்து திருச்சியைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் போதும். நாதஸ்வரம், செய்தி, உழவர்களுக்கான பேச்சு எல்லாம் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்து முடித்துவிடுவார். லால்குடிப் பக்கம் இருந்த நிலத்தை விற்று வருஷக்கணக்காகிவிட்டது. இருந்தாலும் நெல்லுக்கு என்ன உரம் போடச் சொல்கிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும் :-)

போன மாதம் ஒரு நாள் என் பெண் கேட்டாள்: "அப்பாயி, இதுக்கு மாசம் எவ்வளவு சப்ஸ்கிரிப்ஷன்?" எதைப் பார்த்தாலும் மாதச் சந்தா உண்டு என்று நினைக்கும் தலைமுறை.

அம்மா சிரித்துவிட்டு, "இப்ப ஓசிதான் பாப்பா. அப்ப உங்க தாத்தா வருஷம் பதினஞ்சு ரூபா கட்டுவாங்க, போஸ்டாபீசுல" என்றார்.

அவள் நம்பவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். பாஸ்புக் மாதிரி சின்னதாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு ஸ்டாம்ப், மேலே தபாலாபீஸ் முத்திரை. ஒரு வருஷம் கட்ட மறந்துபோய், லைசென்ஸ் பார்க்க ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் அப்பா ரேடியோவை நெல் குதிருக்குள் இறக்கிய கதையும் வெளியே வந்தது. வாத்தியார் வேலை பார்த்த மனுஷன்!

கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் பின்னால் சுற்றுவோம். வானொலிக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி நம் நாட்டில் வானொலி பிறந்த அன்றே பிறந்துவிட்டது.

1927 ஜூலை 23 அன்று பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அடுத்த மாதம் கல்கத்தாவில். கேட்பவர் வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்ட வேண்டும், அதில் 80 சதவீதம் கம்பெனிக்கு. கணக்கு காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டி வாங்க வசதி உள்ளவர்கள் குறைவு. நாடு முழுவதும் சேர்ந்த லைசென்ஸ்கள் எட்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. மூன்று வருஷத்துக்குள் கம்பெனி திவால். 1930 ஏப்ரலில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1931 அக்டோபரில் அதுவும் கட்டுப்படியாகவில்லை என்று மூட முடிவெடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே பின்வாங்கியது. பிறகு 1933-இல் சட்டம் போட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருந்தாலே குற்றம். ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வந்தது 1936-இல்.

அதே காலத்தில் சென்னையில் வேறொரு வழி நடந்தது. 1924-இல் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப் பணமில்லாமல் 1927-இல் நின்றுபோனது. அவர்களுடைய டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சி பெற்றுக்கொண்டு 1930-லிருந்து ஒலிபரப்பியது. 1938-இல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வரும்வரை இதுதான் ஊருக்கு வானொலி. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். பெட்டி வாங்க முடியாதவனும் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டான். செலவு ஊர் வரிப்பணத்தில். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

சரி, லைசென்ஸ் கட்டியவனுக்கு என்ன உரிமை கிடைத்தது? இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. சாஸ்திரிய சங்கீதம்தான் நாட்டுக்கு நல்லது என்று நினைத்தார். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமலே போனது. கேட்பவர்கள் என்ன செய்தார்கள்? ஊசியைத் திருப்பி ரேடியோ சிலோன் வைத்தார்கள். 1957-இல் விவித பாரதி வந்த பிறகும் நம் பக்கத்தில் இலங்கை வானொலி மோகம் தீரவில்லை. அப்பாவும் அப்படித்தான். லைசென்ஸ் கட்டியது தில்லிக்கு, காது கொடுத்தது கொழும்புக்கு. காசு கட்டியவன் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

அடுத்து நெருக்கடி நிலை. 1975 முதல் 1977 வரை வானொலியும் டிவியும் ஆளுங்கட்சியின் ஊதுகுழலாக இருந்தன. ஆல் இந்திரா ரேடியோ என்று ஜனங்கள் கேலி செய்தார்கள். அப்போதும் லைசென்ஸ் தவறாமல் வசூலானது. தணிக்கைக்கும் சேர்த்தே நாம் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறோம்!

இதற்கிடையில் விளம்பரமும் வந்தது. 1967 நவம்பரில் விவித பாரதியில் முதலில் பம்பாய், புனே, நாக்பூர் நிலையங்களில். தூர்தர்ஷனில் 1976 ஜனவரியில். வானொலிக்கு 15 ரூபாய், டிவிக்கு 50 ரூபாய் என்றிருந்த லைசென்ஸை 1980-களின் நடுவில் எடுத்துவிட்டார்கள். சட்டைப்பையில் அடங்கும் டிரான்சிஸ்டருக்கு வீடு வீடாகப் போய் வசூலிப்பதில் அர்த்தம் இல்லைதான். எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அப்பாவின் புத்தகத்தை மறுபடி புரட்டும்வரை. இப்போது யோசித்தால், அன்று போனது 15 ரூபாய் மட்டும் இல்லை. "நான் காசு கட்டுகிறேன், எனக்குப் பதில் சொல்" என்று கேட்க இருந்த ஒரே சாக்கும் போயிற்று. மிச்சம் இருந்த முதலாளிகள் இரண்டு பேர்: அரசாங்கமும் விளம்பரதாரரும். பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறி, 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெயர் தன்னாட்சி, சம்பளப் பணம் அரசு மானியம். படியளப்பவர் சொல்லை மீறி யார் செய்தி வாசிப்பார்?

"விளம்பரமே போதுமே" என்பார்கள் சிலர். புனேயில் உட்கார்ந்து திருச்சி வானொலி கேட்கும் ஒரு கிழவிக்காக எந்த சோப்புக் கம்பெனி காசு கொடுக்கும்? கடையில் அவர் வாங்குவது கீரையும் மோரும். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் எந்த விளம்பரக் கணக்கிலும் சேர்த்தி இல்லை. சந்தை மட்டும் தீர்மானித்தால் அம்மாவின் காலை நேரம் முதலில் போய்விடும்.

அப்படியானால் திரும்ப வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாமா? பிரிட்டனில் லைசென்ஸ் இன்னும் இருக்கிறது. பிரான்ஸ் 2022-இல் எடுத்துவிட்டது. ஃபின்லாந்து 2013-இல் வருமானத்துக்கு ஏற்ற தனி வரியாக மாற்றியது. ஜெர்மனியில் 2013 முதல் வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். அங்கே எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்ப்பது அரசு சாராத ஒரு குழு. ஒரு மாநிலம் கட்டண உயர்வுக்கு முட்டுக்கட்டை போட்டபோது 2021-இல் அரசியல் சாசன நீதிமன்றமே தலையிட்டு உயர்வை அமலாக்கியது. இவர்கள் செய்தி பிடிக்கவில்லை, காசை நிறுத்து என்று ஒரு அமைச்சரால் சொல்லிவிட முடியாது.

நம் ஊரில் கூலி வேலை செய்பவருக்கும் எனக்கும் ஒரே கட்டணம் என்பது அநியாயம். மாதச் சந்தா கட்ட முடியாமல்தானே எத்தனையோ வீடுகளில் டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருக்கிறார்கள்? அதனால் என் கட்சி இது: காசு கொடுக்க வேண்டும், ஆனால் மெரினா வழியில். வரிப்பணத்திலிருந்து ஒரு பங்கு, பல வருஷங்களுக்குச் சேர்த்து நாடாளுமன்றம் முன்கூட்டியே ஒதுக்கட்டும். நடுவில் எந்த அமைச்சகமும் அதில் கை வைக்க முடியாதபடி சட்டம் இருக்கட்டும். கணக்கை வருஷா வருஷம் கேட்பவர்களுக்கு, அவரவர் மொழியில் சொல்லட்டும்.

இதையெல்லாம் அம்மாவிடம் ஆர்வமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா. அன்னைக்கு உங்கப்பா ரேடியோவை ஒளிச்சு வச்சது காசுக்காக இல்ல. கட்டினா மட்டும் நாம கேட்ட பாட்டப் போடப் போறாங்களான்னு ஒரு கோவம்" என்றார்.

இத்தனை வருஷம் மறதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அந்தப் புத்தகம் இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தேடிப் பாருங்கள். பிள்ளைகளிடமும் காட்டுங்கள்.