நீரடைப்பும் மலைநாட்டு மருத்துவமும்



நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு என்று சித்த மருத்துவர் பிரித்துக் கூறும் நோய்கள் யாவற்றிலும், வெளியேற வேண்டிய சிறுநீர் வழியில் தடைப்படுகிறது. திடீரென்று வரும் அடைப்பின் வேதனை நோயாளியை வைத்தியரிடம் துரத்திவிடும். மெல்ல வளர்வதோ வஞ்சகமானது. வலி குறைவு, நீரும் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். உள்ளேயோ, தேங்கிய நீரின் அழுத்தத்தால் நீர்க்குழாய்கள் விரிந்து, சிறுநீரகம் வீங்கி, அதன் சதை மெலிந்து தேய்கிறது.

இத்தகைய நோய்க்கு மலைநாட்டுத் தோட்டங்களில் என்ன வழி இருந்தது? தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872-இல் ஒரு சட்டம் பிறந்தது. 1912-இல் அது விரிவாக்கப்பட்டது. அட்டனுக்கு ரயில் வந்ததோ 1884-இல்தான். அதற்கு முன்னும், ரயில் நிலையத்துக்கு எட்டாத தோட்டங்களில் அதற்குப் பின்னும், நோயாளியைக் கம்பளியில் தூளி கட்டியே சுமந்தனர். காய்ச்சல், வயிற்றுளைச்சல், கொக்கிப்புழு ஆகியவையே அன்றைய கவலைகள். கொக்கிப்புழுவை ஒழிக்க 1916-இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் வந்தனர். கூட்டமாகக் கொல்லும் நோய்க்குக் கிடைத்த கவனம், லயத்து மூலையில் ஒரு கிழவரைத் தனியே கொல்லும் நோய்க்குக் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து.

வெளியுலகில் அறுவை மருத்துவம் இதற்கிடையே முன்னேறிற்று. இந்திய மருத்துவப் பணியில் நெடுங்காலம் இருந்த பிரையர், 1900-இல் லண்டனில் வீங்கிய புராஸ்டேட் சுரப்பியை அகற்றிப் புகழ்பெற்றார். நியூயார்க்கின் புல்லர் அதனை முன்பே செய்திருந்தார். புகழுக்கு எப்போதும் நீதி தெரிவதில்லை! 1930-களில் போலியின் ரப்பர்க் குழாய் வந்தது. 1955-இல் குட்வின் என்பார், முதுகுப் பக்கமாக ஊசி செலுத்தி, வீங்கிய சிறுநீரகத்தின் நீரை வடிக்கும் முறையை வெளியிட்டார்.

கருவிகள் மாறினும் முறை ஒன்றே. முதலில் நீரை வடிப்பது. பின்னரே கல்லையோ சதையையோ நீக்குவது. வடித்தவுடன் சிறுநீர் வெள்ளமாய்ப் பெருகி, உப்பும் நீரும் குறைந்து நோயாளி தளர்வதுண்டு. ஆதலின் வைத்தியசாலையில் வைத்துக் கவனித்தல் இன்றியமையாதது. சிறுநீரகம் எவ்வளவு மீளும் என்பது அடைப்பு எத்தனை காலம் நீடித்தது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

2017-இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை திறக்கப்பட்டது. எனினும் கொழுந்து மலையில் கழிப்பிடமில்லாத இடங்கள் இன்னும் உண்டு. அங்கே நீர் அருந்துவதைக் குறைத்து, வந்த சிறுநீரையும் அடக்கிக்கொண்டே பெண்கள் கூடை நிரப்புகின்றனர். கல்லும் தொற்றும் தோன்றுவதற்கு அதுவும் ஒரு வழி.