புகைமூட்டத்தில் குளோரின்: சென்னை ஐ.ஐ.டி.யின் காற்றுத்தர ஆய்வுகளை முன்வைத்து

1. பொருளும் எல்லையும்

காற்று மாசு பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் ஒரே எண்ணில் முடிந்துவிடுகிறது. ஒரு கனமீட்டர் காற்றில் 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள் எத்தனை மைக்ரோகிராம் என்பதே அந்த எண். 2009இல் வகுக்கப்பட்ட நம் தேசியத் தரநிலை ஆண்டுச் சராசரிக்கு 40, ஒரு நாள் சராசரிக்கு 60 என வரம்பு கட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் வழிகாட்டு அளவுகளை 5, 15 என இறக்கியது. பி.எம். 2.5 என்னும் இந்த அளவு இல்லாமல் எந்தக் கொள்கையையும் வகுக்க முடியாது. ஆயினும் அது எடையை மட்டுமே சொல்கிறது. அந்த எடைக்குள் உப்பா, கரியா, மண்ணா, எண்ணெய்ப் பிசுக்கா என்பது அதில் தெரியாது.

இக்கட்டுரை சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த மூன்று ஆய்வுப் பணிகளை எடுத்துக்கொள்கிறது. 2011இல் வெளிவந்த மாசு மூலங்கள் பற்றிய அறிக்கை, 2021இல் வெளிவந்த குளோரைடு ஆய்வு, 2022இல் அறிவிக்கப்பட்ட 'காற்று' என்ற நகரும் உணரித் திட்டம் ஆகியவை அவை. இவை ஒரே குழுவின் பணிகள் அல்ல, நோக்கங்களும் வேறு. ஆனால் மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது: எடையில் அற்பமான ஒரு பொருள், காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, எடையில் பெரிய பொருள்கள் செய்யாத வேலையைச் செய்கிறது. நம் அளவீட்டு முறையும் சட்டமும் அதைப் பார்க்கும்படி அமைக்கப்படவில்லை.

2. வடிதாள் காலம்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை, புனே, கான்பூர் ஆகிய ஆறு நகரங்களில் மாசு எங்கிருந்து வருகிறது என்று அறிய ஒரு பெரும் ஆய்வை மேற்கொண்டது. சென்னைப் பகுதியைச் செய்தது சென்னை ஐ.ஐ.டி.; மேலே சொன்ன 2011 அறிக்கை அதன் விளைவே. இருவழி முறை அது. சாலை, ஆலை, அடுப்பு, ஜெனரேட்டர் ஆகியவை வெளியிடும் மாசைக் கணக்கெடுப்பது ஒரு வழி. வடிதாளில் படிந்த தூசியை ஆய்வகத்தில் பகுத்து, அதன் வேதிக் கூறுகளைக் கொண்டு மூலத்தை அடையாளம் காண்பது மறு வழி. அன்றைய நிலையில் இதைவிடச் சிறந்த முறை கைவசம் இல்லை.

வடிதாளுக்கு ஒரு குறை உண்டு. அதில் ஒரு நாள் முழுவதும் தூசி படிகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு நடந்தது நண்பகலில் நடந்ததோடு கலந்து ஒரே சராசரியாகிவிடுகிறது. மேலும் அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் குளோரைடு போன்ற உப்புகள் வெப்பத்தில் ஆவியாகிவிடும் இயல்புடையவை. இரவில் வடிதாளில் படிந்த குளோரைடு மறுநாள் வெயிலில் வாயுவாகப் பிரிந்து போய்விடலாம். எடை போடும்போது அது அங்கே இருக்காது. நம் நாட்டுப் பழைய ஆய்வுகள் குளோரைடுக்கு உரிய இடம் தராததற்கு இந்தக் கருவிக் குறையும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

3. டெல்லியிலும் சென்னையிலும் ஒரே கேள்வி

3.1 கருவி

சச்சின் குந்தே தலைமையிலான சென்னை ஐ.ஐ.டி. குழு, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனம், அமெரிக்காவின் ஹார்வர்ட், இங்கிலாந்தின் மான்செஸ்டர் முதலிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த ஆய்வு 2021 ஜனவரியில் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் வெளிவந்தது. டெல்லி, சென்னை இரண்டிலும் நுண்துகளின் வேதிக் கூறுகளை நேரடியாக, தொடர்ச்சியாக அளந்த ஆய்வு அது.

இதற்குப் பயன்படும் கருவியின் செயல்முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. உள்ளிழுத்த காற்றிலுள்ள துகள்கள் மெல்லிய கற்றையாகக் குவிக்கப்பட்டு, வெற்றிடத்துக்குள் சுமார் 600 டிகிரி செல்சியஸில் இருக்கும் டங்ஸ்டன் பரப்பின்மேல் மோதுகின்றன. மோதிய கணத்தில் ஆவியாகும் பொருள்கள் எலக்ட்ரான் தாக்குதலால் அயனிகளாகின்றன. அயனிகளை நிறைவாரியாகப் பிரித்தால் கரிமப் பொருள், சல்பேட், நைட்ரேட், அம்மோனியம், குளோரைடு எனத் தனித்தனிக் கணக்கு கிடைக்கிறது. அதுவும் நாளுக்கொரு முறை அல்ல, சில நிமிடங்களுக்கு ஒரு முறை. இரவின் போக்கை மணிவாரியாகப் பின்தொடர இது இடம் தருகிறது. மண் தூசி இந்த வெப்பத்தில் ஆவியாகாது, ஆகவே கணக்கில் வராது. கடல் உப்பும் அப்படியே; இதன் முக்கியத்துவம் அடுத்துத் தெரியும்.

3.2 கடலா, கரையா

குளோரின் என்றதும் வளிமண்டல அறிவியலாளர்கள் முதலில் கடலைத்தான் நினைப்பார்கள். அலை உடைந்து தெறிக்கும் திவலைகளில் சோடியம் குளோரைடு இருக்கிறது, அதனால் கடலோரக் காற்றில் குளோரைடு இருப்பது வியப்பல்ல. ஆனால் டெல்லி கடலிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உள்நாட்டில் இருக்கிறது. அங்கே குளோரைடு இடைவிடாமல் மிகுந்து காணப்பட்டது. கடலை ஒட்டிய சென்னையிலோ அவ்வப்போது மட்டுமே, அலையலையாக எழுந்து தணிந்தது. கடல்தான் காரணம் என்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, கருவி பிடிப்பது எளிதில் ஆவியாகும் குளோரைடை, அதாவது பெரும்பாலும் அம்மோனியம் குளோரைடை. எனவே இது நிலத்தில், மனிதச் செயலால் உண்டான குளோரின் என்ற முடிவு வலுவாக நிற்கிறது.

3.3 ஈரம் சேரும் விதம்

இந்த ஆய்வின் இதயம் இங்கே இருக்கிறது. கங்கைச் சமவெளியின் காற்றில் அம்மோனியா ஏராளம். யூரியா இட்ட வயல்களும் கால்நடைகளும் அதைத் தருகின்றன. செயற்கைக்கோள்கள் உலகின் மிகுந்த அம்மோனியாப் பகுதிகளுள் ஒன்றாக அதைக் காட்டுகின்றன. அதனோடு சேர அமிலம் தேவை. ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி அருகிலேயே வெளியானால், இரண்டும் சேர்ந்து அம்மோனியம் குளோரைடாகத் துகளில் ஒடுங்குகின்றன. வெப்பம் குறைந்து ஈரப்பதம் ஏறும் இரவில்தான் இந்தச் சேர்க்கை வலுப்பெறும். காலையில் வெயில் ஏறியதும் மீண்டும் வாயுக்களாகப் பிரியும்.

அம்மோனியம் குளோரைடு நீரை விரும்பி ஈர்க்கும் உப்பு. ஐப்பசி மழையில் அடுக்களை உப்பு ஜாடி தானாகவே நீர்விடுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதே செயல் இங்கே கண்ணுக்குத் தெரியாத துகளில் நடக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. துகள் நீரை ஏற்றதும் அந்த நீரில் இன்னும் கொஞ்சம் அமில ஆவி கரைகிறது. கரைந்ததும் உப்பு கூடுகிறது. உப்பு கூடியதும் மேலும் நீர் வருகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழற்சி இது. முந்நூறு நானோமீட்டர் அளவில் இருந்த துகள் நீரேறிப் பெருத்து, கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளத்துக்கு ஒத்த அளவை எட்டும்போது, ஒளியை மிக வலுவாகச் சிதறடிக்கிறது. எதிரே வரும் வண்டி தெரியாமல் போவது அப்போதுதான்.

டெல்லியின் பார்வைத் தொலைவுக் குறைவில் ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கு இவ்வழி சேரும் நீரே காரணம் என்பது ஆய்வுக் குழுவின் மதிப்பீடு. நேரடி அளவீட்டோடு வெப்ப இயக்கவியல் மாதிரியையும் இணைத்துப் பெற்ற முடிவு இது. அமில ஆவி பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிப்பிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்திருக்கலாம் என்று மட்டுமே ஆய்வு கூறுகிறது. பங்கு பிரித்துச் சொல்லவில்லை. செய்தித்தாள்கள் சில இந்தத் தயக்கத்தைத் தாண்டிக் குப்பையை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டன. ஆய்வுக்கு அது நியாயம் செய்வதாகாது.

குளோரைடின் தீங்கு மூட்டத்தோடு நிற்பதில்லை. வாகனப் புகையிலிருந்து பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இரவில் குளோரைடுத் துகள்மேல் வினைபுரிந்து நைட்ரைல் குளோரைடு என்ற வாயுவைத் தருகின்றன. விடிந்ததும் சூரிய ஒளி அதை உடைத்துக் குளோரின் அணுக்களை விடுவிக்கிறது. அந்த அணுக்கள் காற்றிலுள்ள கரிமச் சேர்மங்களைத் தாக்கி, ஓசோன் உருவாவதை விரைவுபடுத்துகின்றன. இரவில் எரித்த குப்பை மறுநாள் பகலின் வேதியியலையும் மாற்றக்கூடும்.

4. எது எரிகிறது

பிளாஸ்டிக் என்று பொதுவாகச் சொல்வது இங்கே உதவாது. காலையில் தெருமுனையில் கூட்டிக் குவித்துத் தீ வைக்கும் குப்பையைக் கிளறினால், வேப்பஞ்சருகோடு பால் பாக்கெட், கேரி பை, கிழிந்த ஃபிளெக்ஸ் பேனர், பழைய ஒயர் துண்டு, உடைந்த பிளம்பிங் பைப், ரெக்சின் உறை எல்லாம் கிடைக்கும். பால் பாக்கெட்டும் கேரி பையும் பெரும்பாலும் பாலித்தீன். அதில் குளோரின் கிடையாது. எரிந்தால் கரியும் நச்சுப் புகையும் வரும், அமில ஆவி வராது. ஃபிளெக்ஸ், ஒயர் உறை, பைப், ரெக்சின் ஆகியவை பி.வி.சி. அதன் எடையில் 57 விழுக்காடு குளோரின். எரியும்போது அதன் பெரும்பகுதி ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகவே வெளியேறுகிறது. செம்புக்காக ஒயரைக் குவித்து எரிக்கும் இடங்களில் மூக்கைத் துளைக்கும் நெடி இந்த அமிலத்தினுடையதே.

ஆகவே எடைக் கணக்கில் குப்பையில் மிகச் சிறிய பங்கே உள்ள பி.வி.சி.யைத் தனியே பிரித்தாலே பெரும் வேறுபாடு உண்டாகும் என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது. தேர்தலும் திருமணமும் முடிந்தபின் ஃபிளெக்ஸ் பேனர்கள் எங்கே போகின்றன என்பது காற்றுத்தரக் கேள்வி. அதை அப்படி அணுகுவோர் அரிது.

தொழிற்சாலைப் பக்கமும் இருக்கிறது. உருக்குக் கம்பி, தகடு ஆகியவற்றின் துருவை நீக்க அவற்றை ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியில் முக்குவது வழக்கம். மூடியும் உறிஞ்சு குழாயும் இல்லாத சிறு பட்டறைகளில் அந்த ஆவி நேரே வெளியே போகிறது. இந்தப் பட்டறைகள் பெரும்பாலும் நகர ஓரங்களில் சிதறிக் கிடப்பதால் கணக்கெடுப்பில் எளிதில் விட்டுப்போகின்றன.

சென்னைக்கு இவற்றோடு குப்பைக் கிடங்குத் தீயும் சேர்கிறது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ பல நாள்கள் அணையாமல் புகைந்தது. போகியும் உண்டு. 2018 போகிக் காலையில் புகையும் பனியும் கலந்து ஓடுபாதை தெரியாமல் போக, சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. தை பிறக்கும் வேளையில் விடியற்காலை ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமல் தேங்கும். கடற்காற்று வீச நண்பகல் ஆகும். எரிப்பதற்கு இதைவிடக் கெட்ட நேரம் ஆண்டில் அரிது. போகியை மாசு வாரியம் ஆண்டுதோறும் அளக்கிறது, எடையாகவும் வாயுக்களாகவும். அன்றைய துகளில் குளோரைடு எத்தனை பங்கு என்பதையும் சேர்த்து வெளியிட்டால் பழைய துணியையும் ரெக்சினையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் நிலை மாறும்.

5. நகரும் உணரிகள்

ரகுநாதன் ரெங்கசாமி முதலியோர் 2022இல் அறிமுகப்படுத்திய 'காற்று' திட்டத்தின் எண்ணம் எளியது. நிலையான கண்காணிப்பு நிலையம் ஒன்றின் விலை மிக அதிகம். அந்த ஒரு நிலையத்தின் செலவில் விலை குறைந்த உணரிகள் பலவற்றைப் பொது வாகனங்களில் பொருத்தினால், நகரம் முழுவதையும் தெருவாரியாக அளந்துவிடலாம். வண்டி ஓட ஓட, இடமும் நேரமும் குறித்த தரவு வந்து சேரும். சாலையின் மேடுபள்ளத்தைக்கூட அதே கருவி குறித்துக்கொள்கிறது.

இந்த முயற்சி வரவேற்கத்தக்கது. ஆனால் முன்பகுதியில் பேசிய ஈரம் இங்கும் குறுக்கிடுகிறது. விலை குறைந்த உணரிகள் துகளை எடை போடுவதில்லை. லேசர் ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளியைக் கொண்டு எடையைக் கணிக்கின்றன. ஈரம் மிகுந்த விடியலில் நீரேறிப் பெருத்த துகள் கூடுதல் ஒளியைச் சிதறடிப்பதால் எண் ஏறிவிடும். வாரியத்தின் நிலையக் கருவிகளோ உள்வரும் காற்றைச் சூடாக்கி உலர்த்தியபின் அளக்கின்றன. நிலையம் சொல்வது உலர்ந்த துகளின் எடை, உணரி பார்ப்பது ஈரத் துகளின் பருமன். ஈரப்பதத்தை வைத்து ஒரு திருத்தச் சூத்திரம் போடுவது வழக்கம். துகளில் உள்ள உப்பின் அளவு இரவுக்கு இரவு மாறினால், சென்னையில் குளோரைடு அவ்வப்போது எழுவதுபோல் எழுந்தால், ஒரே சூத்திரம் எல்லா இரவுக்கும் பொருந்தாது. இது என் ஊகமே. ஆயினும் இரண்டு குழுக்களும் ஒரே வளாகத்தில் இருப்பதால் சோதித்துப் பார்ப்பது கடினமல்ல. உலர்ந்த அளவுக்கும் ஈர அளவுக்கும் உள்ள இடைவெளியைப் பிழை என்று ஒதுக்காமல் ஒரு செய்தியாகப் படித்தால், அந்த மலிவு உணரியே உப்பு மிகுந்த இரவுகளைச் சுட்டிக்காட்டும்.

6. சட்டத்தில் இல்லாத வாயு

2009ஆம் ஆண்டுத் தேசியத் தரநிலைப் பட்டியலில் பன்னிரண்டு மாசுகள் உள்ளன. அம்மோனியா இருக்கிறது; பென்சீனும் நிக்கலும்கூட இருக்கின்றன. ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி இல்லை. அதே வேளை, குப்பை எரியூட்டி ஆலையின் புகைபோக்கிக்கு 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கனமீட்டருக்கு 50 மில்லிகிராம் என வரம்பு வைத்தன. அதாவது இந்த வாயுவின் தீமையைச் சட்டம் அறியும். அது புகைபோக்கி வழியே வந்தால் அளக்கும், தெருவிலிருந்து வந்தால் அளக்காது. திறந்தவெளியில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாய், பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் விதித்த அபராதம் ஏட்டில் இருக்கிறது. எரிந்தது சருகா, ஒயரா என்ற வேறுபாடு அதில் கிடையாது.

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நகரங்களின் முன்னேற்றம் பி.எம். 10 என்ற பெருந்துகள் அளவைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. அந்த அளவில் சாலைப் புழுதிதான் எடை மிகுந்தது. எனவே பெருக்கும் இயந்திரத்துக்கும் நீர் தெளிக்கும் வண்டிக்கும் பணம் போகிறது. புழுதியைக் குறைப்பது தேவைதான். ஆனால் குளோரைடு அந்த எடையில் மிகச் சிறு பங்கு; அதை முழுதாக ஒழித்தாலும் மதிப்பெண் ஏறாது. எந்த நகராட்சி ஆணையரும் மதிப்பெண் தராத வேலைக்கு ஆள் ஒதுக்க மாட்டார்.

இப்போது வேண்டியது ஓர் அளவீடு. கார்த்திகை முதல் தை வரை, கொடுங்கையூர்க் கிடங்கையும் மணலித் தொழிற்பகுதியையும் ஒட்டி, இரவு முழுவதும், வாயுநிலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் துகளிலுள்ள குளோரைடையும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். காற்றுத் திசையோடும் தீ பற்றிய நேரத்தோடும் அதை ஒப்பிட்டால் குப்பையின் பங்கு எவ்வளவு, அமிலத் தொட்டிகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துவிடலாம். குப்பை மாநகராட்சியின் பொறுப்பு, தொட்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. பங்கு தெரியாத வரை இரு அலுவலகங்களும் ஒன்றை ஒன்று கைகாட்டிக்கொண்டிருக்க வழி இருக்கிறது.