எங்கும் சிதையாத 64 எழுத்துகள்

1980. அன்றைய மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்தது. நிரல் கோப்பை அனுப்பினால் வழியிலேயே சிதைந்தது. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மேரி ஆன் ஹார்ட்டன் இதற்கு ஒரு வழி கண்டார். மூன்று பைட்டுகளின் 24 பிட்டுகளை ஆறாறாகப் பிரித்து நான்கு எழுத்துகளாக்கும் ‘யூயூஎன்கோட்’ நிரலை எழுதினார். யூனிக்ஸ் கணினிகளுக்கிடையே அது அருமையாக ஓடியது, ஐபிஎம் பெருங்கணினிகள் குறுக்கிடும்வரை.

ஐபிஎம் உலகில் எழுத்துகளுக்கு வேறு எண்கள். மாற்றும்போது சில நிறுத்தற்குறிகள் உருமாறின. வரிக் கடைசியிலுள்ள இடைவெளிகளை வீண் என்று சில அஞ்சல் நிரல்கள் வெட்டியெறிந்தன. ஹார்ட்டனின் முறையிலோ இடைவெளியும் ஓர் எழுத்து! எந்தக் கணினியும் கைவைக்காத எழுத்துகள் எவை?

மின்னஞ்சலுக்குப் பூட்டுப் போடும் திட்டமொன்றை 1987இல் வகுத்தவர்கள் அவற்றைச் சலித்தெடுத்தார்கள். பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கங்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு: மொத்தம் 64. ஆனால் அந்தப் பூட்டு எடுபடவில்லை. பட்டியல் மட்டும் அதோடு மறக்கப்படவில்லை. நியூ ஜெர்சியில் ஒருவர் பாடினார்.

அவர் பெல்கோர் ஆய்வகத்தின் நதானியேல் போரன்ஸ்டைன். 1992 மார்ச் 11 அன்று, தன் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினார். நெட் ஃப்ரீடுடன் அவர் வகுத்த ‘மைம்’ நெறிமுறை அந்த 64 எழுத்துகளைத் தத்தெடுத்து, ‘பேஸ்64’ எனப் பெயரிட்டது. உலகின் இணைப்புக் கோப்புகள் அதிலேறிப் பயணித்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதில் சறுக்கியது, யாரும் எதிர்பாராத ஒரு வாசகர்.

இணையத்தைப் படித்து வளர்ந்த செயற்கை நுண்ணறிவு மாதிரிகள், தனியே சொல்லித் தராமலே பேஸ்64ஐ ஓரளவு கற்றிருந்தன. சிறு சொற்களைச் சரியாக விடுவித்தன. நீண்ட சரத்தில் தடுமாறின. பிட்டுகளைப் பிரித்துக் கணக்கிடாமல், அடுத்து வருவதை ஊகித்ததே காரணம். தவறான விடையும் நம்பும்படி இருந்தது. என் பார்வையில், தடுமாற்றத்தைவிட அதுவே பெரிய ஆபத்து.

ஊகிப்பதற்குப் பதில் கணக்கை ஒரு நிரலிடம் விடலாம். 2023 ஜூனில் ஓபன்ஏஐ நிறுவனம், தன் மாதிரிகள் வெளி நிரல்களைப் பயன்படுத்த வழி திறந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், எந்தச் செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கும் கருவி இணைக்கக்கூடிய ‘எம்சிபி’ என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. குறியாக்கவும் விடுவிக்கவும் தெரிந்த சின்னஞ்சிறு நிரலொன்றை உதவியாளரிடம் கொடுப்பது எளிதானது. ஹார்ட்டன் காலத்து ஆறு பிட் கணக்கை அந்நிரல் பிசகாமல் போட்டது.

அந்த எம்சிபி வழியே ஒரு கருவி உதவியாளருக்குப் படம் அனுப்பினால், அந்தப் படம் போவதும் பேஸ்64 எழுத்துகளாகத்தான்.