கருவுற்ற மனைவியும் விவாகரத்தும்: பண்டைய ரோமில் எழுந்த வழக்கு

கி.மு. 39-ஆம் ஆண்டு ரோமில் ஸ்கிரிபோனியா என்ற பெண் ஒரு மகளைப் பெற்றாள். அதே நாளில் அவளுடைய கணவன் அவளை விவாகரத்து செய்தான். அந்தக் கணவன்தான் ஒக்டேவியன். பிற்காலத்தில் அகஸ்டஸ் என்ற பெயரோடு ரோமின் முதல் பேரரசன் ஆனவன்.

அவன் மணக்க விரும்பியது லிவியாவை. அவளோ டைபீரியஸ் கிளாடியஸ் நீரோ என்பவரின் மனைவி. (ரோம் எரிந்தபோது ஆண்ட நீரோ வேறு, இவர் வேறு.) ஏற்கெனவே ஒரு சிறு மகன் இருந்தான். போதாக்குறைக்கு அவள் ஆறு மாதக் கர்ப்பிணி.

ரோமில் விவாகரத்து மிக எளிது. நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஒருவர் முடிவு செய்தாலே போதும். கர்ப்பம் அதற்குத் தடையாக இல்லை. உடனே மறுமணம் செய்தால்தான் சிக்கல்: பிறக்கும் பிள்ளை முதல் கணவனுடையதா, இரண்டாமவனுடையதா?

ஒக்டேவியன் தலைமைப் பூசாரிகள் குழுவிடம் கருத்துக் கேட்டான். கரு உண்டா இல்லையா என்ற ஐயம் இருந்தால் திருமணத்தைத் தள்ளிப்போட வேண்டும். கரு உறுதி என்றால் தடையில்லை என்று அவர்கள் பதில் சொன்னார்கள். பழைய விதியில் அப்படி இருந்ததோ இல்லையோ, அவர்கள் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர் கேசியஸ் டியோ குத்தலாக எழுதுகிறார். கி.மு. 38 ஜனவரி 17-இல் திருமணம் நடந்தது. தந்தை மகளைத் தாரை வார்ப்பதுபோல் முன்னாள் கணவரே லிவியாவை ஒப்படைத்தார்!

மூன்று மாதத்திற்குள் ட்ரூசஸ் பிறந்தான். அதிர்ஷ்டசாலிகளுக்கு மூன்றே மாதத்தில் பிள்ளை பிறக்கும் என்று ஊர் கேலி பேசியது. குழந்தையை ஒக்டேவியன் நீரோவிடம் அனுப்பிவிட்டான். சட்டப்படி பிள்ளை தந்தைக்கு உரியது. பெற்ற தாயிடம் விட வேண்டிய கட்டாயம் இல்லை. நீரோ இறந்த பிறகே இரண்டு மகன்களும் லிவியாவிடம் வந்து சேர்ந்தார்கள்.

செல்வாக்கு இல்லாத பெண்களின் நிலை என்ன? பேரரசுக் காலத்தில் செனட் சபை இதற்கென ஒரு தீர்மானம் இயற்றியது. விவாகரத்தான பெண் கருவுற்றிருந்தால் 30 நாட்களுக்குள் முன்னாள் கணவனுக்கோ அவன் தந்தைக்கோ தெரிவிக்க வேண்டும். அவன் காவலுக்கு ஆள் அனுப்பலாம், அல்லது கரு தன்னுடையதல்ல என்று மறுக்கலாம். இரண்டும் செய்யாமல் வாய்மூடி இருந்தால் குழந்தையை ஏற்றே ஆகவேண்டும். அவள் சொல்லத் தவறினால் அவன் ஏற்க மறுக்கலாம். ஆனாலும் தாயின் தவறு குழந்தையின் உரிமையைப் பறிக்காது.

இதற்கு நேர்மாறான வழக்கும் வந்தது. மார்க்கஸ் அரேலியஸும் லூசியஸ் வெரஸும் சேர்ந்து ஆண்ட காலத்தில் (கி.பி. 161-169), ருடிலியஸ் செவெரஸ் என்பவன் தன் முன்னாள் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள் என்றான். அவள் இல்லை என்றாள். ஒரு கண்ணியமான பெண்மணியின் வீட்டில் மூன்று மருத்துவச்சிகள் அவளைச் சோதிக்கவேண்டும், பெரும்பான்மைக் கருத்தே செல்லும் என்று பேரரசர்கள் கட்டளையிட்டார்கள். கர்ப்பம் என்று முடிவானால் காவல். கடைசியில் பிள்ளை பிறக்காவிட்டால் கெட்ட பெயர் கணவனுக்கு.

இந்த விதிகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்டன: தந்தை யார்? தன் உடலைப் பற்றி அந்தப் பெண் சொன்ன சொல் மட்டும் போதவில்லை. காவலர்களும் மருத்துவச்சிகளும் தேவைப்பட்டார்கள்.

அந்தக் கேள்வி இன்றும் சட்டத்தில் இருக்கிறது. மணமுறிவுக்குப் பின் 280 நாட்களுக்குள் பிறக்கும் குழந்தை, தாய் மறுமணம் செய்யாதிருந்தால், முன்னாள் கணவனின் முறையான குழந்தை என்று இந்தியாவின் 1872 சாட்சியச் சட்டம் சொன்னது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் இங்கே மூன்று மருத்துவச்சிகளும் இல்லை, வாசலில் காவலும் இல்லை. நாட்காட்டியை எண்ணிச் சட்டமே குழந்தையின் பக்கம் நிற்கிறது.