மனிதக் கருப்பைக்கு ஏது கொம்பு?

ஸ்கேன் அறிக்கைகளில் சில வேளை 'கார்னுவல் பிரெக்னன்சி' என்று எழுதியிருப்பார்கள். லத்தீனில் 'கார்னு' என்றால் கொம்பு. கருப்பைக்குக் கொம்பு எப்படி முளைத்தது?

ஆடு, மாடு, பன்றி இவற்றின் கருப்பையில் இருபுறமும் நீண்ட கிளைகள் உண்டு. குட்டிகள் வளர்வது அவற்றில்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் மருத்துவர் கேலன் பெரும்பாலும் விலங்குகளை அறுத்துப் பார்த்தே உடற்கூறு எழுதினார். மனிதக் கருப்பையோ ஒற்றை அறை. அதில் கருக்குழாய்கள் வந்து சேரும் மேல்மூலைகளுக்கு விலங்கின் 'கொம்பு' பெயராக ஒட்டிக்கொண்டது.

குழாயின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பாதுவா நகரப் பேராசிரியர் காப்ரியேலே ஃபலோப்பியோ, 1561இல் வெனிஸில் வெளியான நூலில், வாய் விரிந்த அந்த உறுப்பைத் 'தூபா' என்றார். தூபா ரோமானியப் படையின் நேரான ஊதுகருவி. நம் தாரைக்கு உறவு. ஆங்கிலத்தில் அது 'டியூப்' ஆயிற்று, தமிழில் குழாய் ஆயிற்று, ஊதுகருவி மறைந்தது. ரோமானியரின் வளைந்த ஊதுகருவிக்கோ கார்னு என்றே பெயர். தமிழிலும் மாட்டின் தலையில் இருப்பதும் கொம்பு, திருவிழாவில் ஊதுவதும் கொம்பு.

தூபா கார்னுவுக்குள் நுழையும் இடத்தில்தான் பெயர்க்குழப்பம். குழாய் அங்கே கருப்பைச் சுவரைத் துளைத்து 1 முதல் 2 செ.மீ. வரை செல்கிறது. அந்தத் துண்டில் கரு தங்கினால் 'இன்டர்ஸ்டிஷியல்'. இடைவெளி என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லில் பிறந்த பெயர். இடம் மாறிய கர்ப்பங்களில் இது 100க்கு 2 முதல் 4. சுற்றிலும் தசை இருப்பதால் கரு சற்றுக் கூடுதலாக வளர இடம் கிடைக்கும். ஆனால் கருப்பைத் தமனியின் கிளையும் சூலகத் தமனியின் கிளையும் சேரும் இடம் அது. வெடித்தாலோ, ரத்தப்போக்கு உயிரைக் குடிக்கும்.

இதையும் கார்னுவல் என்றார்கள். கருப்பையின் உட்குழியிலேயே, மூலையோரம் பதியும் 'ஆங்குலர்' கர்ப்பத்தையும் சிலர் அப்படியே சொன்னார்கள். பிறவியிலேயே ஒருபக்கம் வளர்ச்சி குன்றிய கருப்பையின் துணைக்கொம்பில் தங்கும் கருவுக்கும் அதே பெயர். உண்மையான கொம்பு இருப்பது இந்த மூன்றாவதில்தான்.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆங்குலர் கர்ப்பத்தைக் கண்காணித்துத் தொடரலாம். குழந்தை பிறக்கவும் வாய்ப்புண்டு. இன்டர்ஸ்டிஷியலுக்கு மெத்தோட்ரெக்சேட் மருந்து அல்லது அறுவை; இந்த மருந்தால் இத்தகைய கர்ப்பத்தைக் குணப்படுத்தியதை ஜப்பானிய மருத்துவர்கள் 1982இல் பதிவு செய்தார்கள். துணைக்கொம்பில் தங்கியதென்றால் பெரும்பாலும் அந்தக் கொம்பையே அகற்றிவிடுகிறார்கள்.

இவற்றைப் பிரித்துக் காட்டுவது பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன். உட்குழி வெறுமையாக இருந்து, கருவைச் சுமக்கும் பை உட்குழி ஓரத்திலிருந்து 1 செ.மீ.க்கு மேல் விலகி, அதைச் சுற்றிய தசை 5 மி.மீ.க்கும் குறைவாக மெலிந்திருந்தால் இன்டர்ஸ்டிஷியல் என்பது 1992இல் வகுத்த அளவுகோல். பிரித்தானிய மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2016இல் 'கார்னுவல்' என்பதைத் துணைக்கொம்புக்கே ஒதுக்கியது. ஆனாலும் இன்டர்ஸ்டிஷியலுக்குச் செய்யும் அறுவையின் பெயர் இன்றும் 'கார்னுவல் ரிசெக்‌ஷன்'தான். ஆகவே அறிக்கையில் அந்த ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், கரு உட்குழியிலா, சுவருக்குள் போகும் குழாயிலா, துணைக்கொம்பிலா என்று கேட்டுத் தெரிந்த பிறகே சிகிச்சைக்குச் சம்மதிக்க வேண்டும்.